முந்நூத்திநாலுக்குச் சீட்டு போட்ட கதை

"பிள்ளை, எனக்கு ஒரு சீட்டும் வரேல்லை."

போன சனிக்கிழமை சாயங்காலம் 7 மணி. (நமக்கு 7. மாமாவுக்கு அங்க காலை ஒன்பதரை.) வீடியோ கால்ல மாமா கண்ணாடியைக் கழட்டி, வேட்டித் தலைப்புல துடைச்சு, திரும்பப் போட்டு, ஐபேடைக் கிட்ட இழுத்துப் பாக்குறார். மத்த மூணு பேருக்கும் சீட்டு போயிடுச்சு. மச்சாள் தன்னோட நாலையும் பார்த்துட்டு முகத்துல எதையும் காட்டாம உக்காந்திருக்காங்க. லண்டன்ல சின்ன மாமா டீ ஆத்திக்கிட்டிருக்கார். மாமாவோட பக்கம் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கு.

என் புரோகிராம் என்ன சொல்லுது? 16 சீட்டு போட்டாச்சு, கட்டுல 16 மிச்சம், கணக்கு சரி.

அப்போ மாமாவோட நாலு சீட்டு எங்க போச்சு?

அதைக் கண்டுபிடிக்க எனக்கு ராத்திரி ஒண்ணரை மணி ஆச்சு. கண்டுபிடிச்சதும் தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம். அந்த நாலு சீட்டுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆனா அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்தி வரணும்.

நான் சென்னைக்காரி. இவர் வீடு யாழ்ப்பாணம். மாமா இப்போ ஸ்கார்பரோவுல, அவர் தம்பி (சின்ன மாமா) லண்டன்ல, மச்சாள் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்துல. கல்யாணமாகி முதல் தடவை எல்லாரும் ஒண்ணா கூடினப்போ, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பாயை விரிச்சு உக்காந்துட்டாங்க. முந்நூத்திநாலு. விடியவிடிய.

நம்ம ஊர்ல ரம்மியும் கழுதையும் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஆட்டம் தெரியாது. அதனால கொஞ்சம் சொல்லிடறேன். நாலு பேர். எதிரெதிரா உக்காந்தவங்க ஒரு கட்சி. 52 சீட்டுலேருந்து 2 முதல் 6 வரைக்கும் எடுத்து ஓரமா வெச்சுடணும். மிச்சம் 32. ஜாக்கிதான் பெரிய ஆள், 30 புள்ளி. அடுத்து ஒன்பது, 20. ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமில்ல. ஒரு இனத்துக்கு 76. நாலு இனத்துக்கு 304. ஆட்டத்தோட பேரே அதான்.

(ராஜாவையும் ராணியையும் விட ஜாக்கி பெரியவன்ங்கிறது எனக்கு அப்போ ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்பவும்.)

சீட்டு போடுறதுலயும் ஒரு முறை இருக்கு. வலப்பக்கமா போகணும், முதல்ல ஆளுக்கு நாலு நாலா. அதைப் பார்த்துட்டுதான் எவ்வளவு எடுப்பேன்னு கேக்கணும். அதிகமா கேட்டவர் துருப்பை முடிவு பண்ணி ஒரு சீட்டைக் கவுத்து வைப்பார். (நாம துருப்புன்னு சொல்றதை மாமா துரும்புன்னு சொல்வார்.) அப்புறம்தான் அடுத்த நாலு. நம்ம கேரளாக்காரங்க 28 ஆடுவாங்களே, கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. அங்க ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒண்ணு ஒண்ணு. நாலு இனத்தையும் கூட்டினா 28.

இப்போ நாலு பேரும் நாலு ஊர்ல. மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே. சீட்டை மட்டும் போட்டுத் தாரும். மிச்சத்தை நாங்கள் வாயாலை ஆடுவம்."

சீட்டை மட்டும் போடணும். அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன்.

பைத்தான்ல எழுத உக்காந்தேன். இதுக்கு ரெண்டே பொருள் போதும். ஒண்ணு லிஸ்ட், இன்னொண்ணு மேப். (பைத்தான்ல மேப்பை டிக்ஷனரின்னு சொல்வாங்க. நான் மேப்னே சொல்றேன், மத்த மொழிக்காரங்களுக்கும் புரியும்.) லிஸ்ட்னா வரிசை. எது முன்னாடி, எது பின்னாடிங்கிறதுதான் அதுக்கு உயிர். கட்டுல இருக்கிற 32 சீட்டும் அப்படித்தான். மேப்னா, பழைய லாட்ஜ் ரிசப்ஷன்ல பலகை அடிச்சு ரூம் நம்பர் எழுதி ஆணி அடிச்சிருப்பாங்களே, அது. 14-ன்னு கேட்டா 14-ஓட ஆணியில மாட்டியிருக்கிறதை எடுத்துக் குடுப்பாங்க. யார் கையில என்னங்கிறது மேப்.

ஆக, கட்டு ஒரு லிஸ்ட். கைகள் ஒரு மேப். அந்த மேப்ல ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு குட்டி லிஸ்ட்.

கைகள் = { ஸ்கார்பரோ: [ ], யாழ்ப்பாணம்: [ ], லண்டன்: [ ], சென்னை: [ ] }

நான் இப்படியே தமிழ்லதான் பேர் வெச்சேன். பைத்தான் 3 வந்ததுலேருந்து, அதாவது 2008-லேருந்து, கோடுக்குள்ள வைக்கிற பேரைத் தமிழ்ல வைக்கலாம். வெச்சுப் பாருங்க. 'கட்டு', 'கைகள்', 'மிச்சம்'னு எழுதும்போது யோசிக்கிறதும் எழுதுறதும் ஒரே மூச்சுல போகுது. வீட்டுல சீட்டாடும்போது என்ன வார்த்தை வாயில வருதோ அதே வார்த்தை ஸ்க்ரீன்ல இருக்கு. எனக்கு இது பெரிய விஷயம்.

சரி, முதல் ரன்.

நாலு பேருக்கும் 32, 32, 32, 32 சீட்டு.

எல்லார் கையிலயும் முழுக் கட்டு! நாலு பேர் பேரையும் குடுத்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலி லிஸ்ட் போடுன்னு ஒரே வரியில எழுதியிருந்தேன். பைத்தான் என்ன பண்ணுச்சுன்னா, நான் குடுத்த அந்த ஒரு காலி லிஸ்டையே நாலு பேருக்கும் மாட்டி விட்டுடுச்சு. ஒரே டப்பா, மேல நாலு பேர் ஒட்டியிருக்கு. மாமாவுக்குப் போட்டாலும் மச்சாளுக்குப் போட்டாலும் அதே டப்பாவுலதான் விழும். பைத்தான் எழுதுற பாதிப் பேர் ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா புது லிஸ்ட் செய்யணும். ஒரு சின்ன லூப், சரியாயிடும்.

அடுத்து, கட்டுலேருந்து குத்துமதிப்பா ஒரு சீட்டு எடு, குடு, இன்னொண்ணு எடு, குடுன்னு எழுதினேன். மாமாவுக்கும் இவருக்கும் ஒரே கிளாவர் ஆஸ். ஏன்னா 'எடு'ன்னு நான் சொன்னது அதுக்கு 'பாரு'ன்னுதான் விழுந்திருக்கு. பார்த்து, அது மாதிரியே ஒண்ணை மாமாவுக்குக் குடுத்துட்டு, கட்டுல இருந்ததை அப்படியே விட்டுடுச்சு. அடுத்து, முதல் நாலை வெட்டிக் குடுன்னு எழுதினேன். வெட்டினது நகல்தான். கட்டு குறையவே இல்ல. எல்லாருக்கும் அதே முதல் நாலு.

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் பொட்டுல அறைஞ்ச மாதிரி புரிஞ்சுது.

பேப்பர் சீட்டு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாது. மாமா கையில இருந்தா கட்டுல இல்ல. அது சீட்டோட குணம். யாரும் அதுக்குத் தனியா விதி எழுத வேண்டாம். ஆனா கோடுல சீட்டுங்கிறது ஒரு பேர். பேரை எத்தனை இடத்துல வேணாலும் எழுதலாம். ஆக, சீட்டு போடுற புரோகிராமோட மொத்த வேலையுமே அந்தக் குணத்தைத் திரும்பக் கொண்டு வர்றதுதான். இங்கேருந்து எடுத்தா இங்க இருக்கக் கூடாது, அங்க இருக்கணும். குடுக்கிறது நகர்த்துறதா இருக்கணும், நகலெடுக்கிறதா இருக்கக் கூடாது.

இதை ஒரு தாள்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டினேன்: ஒரு சீட்டு, ஒரே இடம்.

அதுக்கப்புறம் பாப்னு ஒரு கட்டளை இருக்கு பாருங்க, லிஸ்டோட கடைசியிலேருந்து ஒண்ணை எடுத்துக் கையில குடுத்துட்டு லிஸ்டை ஒண்ணு குறைச்சிடும். அதைத்தான் எல்லா இடத்துலயும் போட்டேன். சும்மா ஒரு சொல்லுதான், ஆனா நிஜமான சீட்டு மாதிரி நடந்துக்குது.

(இந்த இடத்துல ரம்மிக்காரங்க ஜாக்கிரதை. ரம்மிக்கு ரெண்டு கட்டு. ஆட்டின் ஏழு ரெண்டு இருக்கும், ரெண்டும் நிஜம். சீட்டோட பேரையே மேப்புக்குச் சாவியா வெச்சீங்கன்னா ரெண்டாவது ஏழு முதல் ஏழு மேல ஏறி உக்காந்து ஒண்ணு காணாமப் போயிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் எந்தக் கட்டுன்னு ஒரு அடையாளம் வேணும். இல்லன்னா சீட்டுக்கு எதிர்ல எத்தனைங்கிற எண்ணிக்கையை வெச்சுக்கணும். கழுதை ஆடுறவங்களுக்கு வேற பிரச்சினை: 5 பேர்னா 52 சரியா பிரியாது. முதல் ரெண்டு பேருக்கு 11, மிச்ச மூணு பேருக்கு 10. லிஸ்ட்ல ஒண்ணாவது ஆளுக்கு ஒண்ணு, ஆறு, பதினொண்ணுன்னு அஞ்சஞ்சா தாண்டி எடுத்தா அதுவே தன்னால அப்படிப் பிரிஞ்சுக்கும். கையால போடுறதும் அதேதானே.)

இப்போ சரியா போட்டிருக்கோமான்னு எப்படிப் பாக்குறது? இங்கதான் எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. ஆட்டத்தோட பேரே சரிபார்க்கிற எண்! ஒவ்வொரு சீட்டோட புள்ளியையும் ஒரு மேப்ல வெச்சிருக்கேன், ஜாக்கி: 30, ஒன்பது: 20ன்னு. நாலு கையையும் கட்டுல மிச்சம் இருக்கிறதையும் கூட்டு. 304 வந்தா சரி. வரலைன்னா எங்கயோ சீட்டு தொலைஞ்சிருக்கு, இல்ல ரெட்டிச்சிருக்கு. யாரோ எப்பவோ ஆட்டத்துக்கு வெச்ச பேர், என் புரோகிராமுக்குக் காவல்காரனா நிக்குது.

ரெண்டு வாரம் அந்தப் பெருமையிலயே இருந்தேன்.

மூணாவது வாரம் மச்சாள் கூப்பிட்டாங்க. "எனக்கும் டைமன் ஏழு, லண்டனுக்கும் டைமன் ஏழு. என்னண்டு?"

கூட்டினா 304. சீட்டு எண்ணிக்கை 32. ரெண்டு காவலும் 'சரி'ங்குது. அப்புறம் பார்த்தா, சீட்டுப் பேர்களைத் தட்டச்சு பண்ணும்போது டைமன் எட்டுன்னு போட வேண்டிய இடத்துல ஏழுன்னு போட்டிருக்கேன். ஏழுக்கும் எட்டுக்கும் ரெண்டுக்குமே புள்ளி கிடையாது. ஒண்ணு போய் இன்னொண்ணு வந்தா கூட்டல் கண்டுக்கவே கண்டுக்காது. மதிப்பில்லாத சீட்டுலதான் தப்பு ஒளிஞ்சிருந்துச்சு. இப்போ மூணு காவல்: கூட்டினா 304, எண்ணினா 32, ஒண்ணு போல இன்னொண்ணு இருக்கக் கூடாது. 32 பேரைக் கையால அடிக்கிறதையும் விட்டுட்டேன். நாலு இனம், எட்டு சீட்டு, ரெண்டு லூப்.

சரி, கலைக்கிறதுக்கு வருவோம்.

கலைக்கிறதுக்கு ரெடிமேடா கட்டளை இருக்குன்னு தெரியும். ஆனா நானே எழுதிப் பாக்கணும்னு ஆசை. ஒவ்வொரு சீட்டா எடுத்து, 32 இடத்துல ஏதாவது ஒரு இடத்துச் சீட்டோட மாத்தி வை. நல்லாத்தானே இருக்கு?

மூணே மூணு சீட்டை வெச்சுக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு அடியிலயும் மூணு வழி, மூணு அடி, மொத்தம் 27 வழி. மூணு சீட்டை அடுக்க முடிஞ்ச வரிசை 6. 27 லட்டை உடைக்காம 6 பேருக்குச் சமமா குடுக்க முடியுமா? முடியாது. மூணு வரிசைக்கு 5 வழி, மிச்ச மூணுக்கு 4 வழி. நான் காகிதத்துல 27-ஐயும் எழுதிப் பார்த்தேன், அப்படியே வந்துச்சு. 32 சீட்டுக்கும் அதே கதைதான். 32-ஐ 32 தடவை பெருக்கினாலும் அதுல 2-ஐத் தவிர வேற ஒண்ணும் இல்ல. வரிசைகளோட எண்ணிக்கையோ 3-ஆல வகுபடும், 5-ஆல வகுபடும், 31-ஆலயும் வகுபடும். சமமா பிரிய வாய்ப்பே இல்ல.

சரியான வழி இதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. கடைசி இடத்துலேருந்து ஆரம்பி. இன்னும் முடிவாகாத சீட்டுல மட்டும் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அங்க வை. அந்த இடம் முடிஞ்சுது, அதை இனிமே தொடாதே. முதல்ல 32 வழி, அடுத்து 31, அடுத்து 30. எத்தனை வழியோ அத்தனை வரிசை, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வழி. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-ல ஒரு புள்ளியியல் அட்டவணைப் புத்தகத்துல தாளும் பென்சிலும் வெச்சுச் செய்யுறதுக்காகச் சொன்ன முறை. 1964-ல ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி சுருக்கினார். பைத்தானோட கட்டளைக்குள்ள ஓடுறதும் இதுதான்.

(அந்தக் கட்டளை இருக்கிற கட்டையே கலைச்சிடும், புதுசா எதையும் திருப்பித் தராது. "கலைச்சதை எடுத்துக் 'கட்டு'ன்னு வை"ன்னு எழுதினீங்கன்னா கட்டு காலி. நிஜத்துலயும் அப்படித்தானே, கலைச்சா இன்னொரு கட்டா முளைக்கும்? அதே கட்டுதான்.)

32 சீட்டுக்கு எத்தனை வரிசைன்னா, 36 இலக்க எண். 52 சீட்டுன்னா 68 இலக்கம். இதை ஏன் சொல்றேன்னா, கம்ப்யூட்டர் தானா யோசிச்சுக் கலைக்கிறதில்ல. ஒரு விதை எண்ணைக் குடுத்தா அதுலேருந்து வரிசையா எண்களை முளைக்க வைக்கும். அதே விதை, அதே சீட்டு. சோதிச்சுப் பாக்கிறப்போ நான் விதையா 304-ஐ வெச்சிருந்தேன், தப்பு வந்தா அதே ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாக்கலாம்னு. அதை எடுக்க மறந்து ஒரு சனிக்கிழமை ஆடியாச்சு, அடுத்த சனிக்கிழமையும் ஆட ஆரம்பிச்சாச்சு. மாமா நாலு சீட்டைப் பார்த்தார். "இது போன கிழமை முதலாவதா வந்த கை. கிளாவர் ஜாக்கி, ஆட்டின் பத்து, ரெண்டு ராணி. எனக்குத் தெரியும்." எழுபத்தெட்டு வயசு. ஒரு வாரத்துக்கு முன்னாடி வந்த நாலு சீட்டு. நான் பதிவுல போய்ப் பார்த்தேன், அச்சு அசலா அதேதான்.

காசு வெச்சு ஆடுற இடத்துல இது விளையாட்டு இல்ல. 1999-ல ஒரு ஆன்லைன் போக்கர் தளம், நாங்க நேர்மையாத்தான் கலைக்கிறோம்னு காட்ட தங்களோட கலைக்கிற கோடையே வெளியிட்டுச்சு. சில பாதுகாப்பு நிபுணர்கள் அதை எடுத்துப் படிச்சாங்க. நான் முதல்ல எழுதின அதே மாதிரி கோணலான கலைப்பு. போதாததுக்கு, விதையை கம்ப்யூட்டர் கடிகாரத்துலேருந்து, நள்ளிரவுலேருந்து எத்தனை மில்லி விநாடிங்கிறதுலேருந்து எடுத்திருக்காங்க. ஒரு நாளைக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிதான். 68 இலக்க வரிசைகள்ல அவ்வளவுதான் வரவே முடியும். நேரத்தைக் கிட்டத்தட்ட கணிச்சு, தன் கையில ரெண்டு, மேசையில மூணு, ஆக அஞ்சு சீட்டைப் பார்த்தாப் போதும், மத்த எல்லார் கையிலயும் என்னன்னு சொல்லிடலாம்னு செஞ்சே காட்டிட்டாங்க. அதனால காசு சம்பந்தப்பட்டதுன்னா சாதாரண ரேண்டமைத் தொடாதீங்க. ஆபரேட்டிங் சிஸ்டமே தர்ற ரகசிய ரேண்டம் இருக்கு, அதை எடுங்க. எங்க ஆட்டத்துல காசு கிடையாது. இருந்தாலும் நான் அதைத்தான் போட்டிருக்கேன். மாமாவோட ஞாபக சக்தியைப் பார்த்த அப்புறம் வேற வழியே இல்ல.

இப்போ அந்த நாலு சீட்டு.

யார் எந்த வரிசையில உக்காந்திருக்காங்கங்கிறதை மேப்ல வெச்சுக்காம தனியா ஒரு லிஸ்ட்ல வெச்சிருக்கேன். பைத்தான் 3.7-லேருந்து மேப்பும் போட்ட வரிசையை மறக்காதுதான், ஆனா எல்லா மொழியும் அப்படி இல்ல. உக்காருற வரிசைங்கிறது வரிசை. அதோட இடம் லிஸ்ட்தான். (அதுல இன்னொரு சௌகரியம்: எதிரெதிரா உக்காந்தவங்க ஒரு கட்சிங்கிறதால இரட்டைப்படை இடம் ஒரு கட்சி, ஒற்றைப்படை இடம் இன்னொரு கட்சி.) போன வாரம் அந்த லிஸ்டை மாமா வீட்டுலேருந்து வந்த ஒரு ஃபைல்லேருந்து எடுத்தேன். பழைய எழுத்துருவுல இருந்ததை யூனிகோடுக்கு மாத்தின ஃபைல்.

சீட்டு போடும்போது ஃபைல்ல இருக்கிற 'ஸ்கார்பரோ'வுக்குப் போடுது. மாமா பக்கத்தைத் திறக்கும்போது என் கோடுல இருக்கிற 'ஸ்கார்பரோ' கையில என்னன்னு கேக்குது. ரெண்டும் ஒண்ணுதானே?

ராத்திரி ஒரு மணிக்கு மேப்ல இருக்கிற பேரை எல்லாம் வரிசையா அச்சடிச்சுப் பார்த்தேன். அஞ்சு பேர்.

ஸ்கார்பரோ
யாழ்ப்பாணம்
லண்டன்
சென்னை
ஸ்கார்பரோ

கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. பெருசாக்கிப் பார்த்தேன். ஒரே எழுத்து, ஒரே சுழி. கடைசியில ரெண்டோட நீளத்தையும் கேட்டேன். ஒண்ணு 9. இன்னொண்ணு 10.

ஓகாரம்! 'ரோ'ங்கிறதை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். ர-வுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒரே குறியா வரலாம். இல்ல ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறியா வரலாம். திரையில வரையும்போது ரெண்டும் அச்சா ஒரே மாதிரிதான் வரும். மேப்புக்கு ரெண்டும் வேற வேற சாவி. யாழ்ப்பாணத்துலயும் லண்டன்லயும் சென்னையிலயும் ஓகாரம் கிடையாது, அதான் அவங்க தப்பிச்சாங்க. மாமா மட்டும் ரெண்டா பிரிஞ்சுட்டார்.

இன்னொண்ணும் சேர்ந்துக்குச்சு. நான் எடுத்திருந்த மேப், தெரியாத பேரைக் கேட்டா 'அப்படி யாரும் இல்ல'ன்னு சொல்லாது. கேட்ட மாத்திரத்துலயே அந்தப் பேருக்குப் புதுசா ஒரு காலி லிஸ்டை மாட்டி, அதையே எடுத்துக் குடுத்திடும். எழுதும்போது ரொம்ப சௌகரியம். ஆனா சீட்டு விஷயத்துல அது ஆபத்து, ஏன்னா இல்லாத ஆளுக்கு ஒரு கை உண்டாக்குது. மொத்தம் கூட்டினா சரியா வந்துச்சு, சீட்டு எதுவும் தொலையலையே! நாலும் பத்திரமா ஸ்கார்பரோவுலதான் இருந்துச்சு. கேட்டதுதான் வேற ஸ்கார்பரோ.

தமிழ்ல பேரைச் சாவியா வைக்கிறவங்க எல்லாரும் இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ஒகரம், ஓகாரம், ஔகாரம், மூணுலயும் இது உண்டு. உள்ள வர்ற ஒவ்வொரு பேரையும் யூனிகோடு ஒருசீராக்கம் பண்ணிட்டுத்தான் மேப் பக்கம் விடணும். பைத்தான்ல அதுக்கு ஒரே வரி. (கோடுக்குள்ள வைக்கிற பேர்களைப் பைத்தானே ஒருசீராக்கிக்கும். மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற எழுத்தை அது தொடாது. அதை நாமதான் பாத்துக்கணும்.) அப்படியே அந்தத் தாராள மேப்பையும் எடுத்துட்டுக் கண்டிப்பான சாதாரண மேப்பைப் போட்டேன். தெரியாத பேர்னா சத்தம் போடட்டும்.

இதோட முடிஞ்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை மாமாவே கூப்பிட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை. ஆனா உது போடுற சீட்டு சப்பெண்டு கிடக்கு. கனகாலமா ஆடுறன். கையாலை போட்டா நாலும் ஒரே இனமா வரும். உதிலை எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் வருகுது."

முதல்ல, மாமாவோட மனப்பிரமைன்னு நினைச்சேன். அப்புறம் கணக்கு போட்டேன். நல்லா கலைஞ்ச 32-ல ஒருத்தருக்கு முதல் நாலும் ஒரே இனமா வர்றது சுமார் 128 தடவைக்கு ஒண்ணு. எட்டுல அஞ்சோ அதுக்கு மேலயோ ஒரே இனமா வர்றது சுமார் 22 தடவைக்கு ஒண்ணு. மாமா சொல்ற அளவுக்கு அடிக்கடி வராதுதான்.

ஆனா பாய்ல உக்காந்து ஆடும்போது என்ன நடக்குது? ஒருத்தர் இஸ்பேட்டு போட்டா, இருக்கிறவங்க எல்லாம் இஸ்பேட்டுதான் போடணும். பிடிச்சவர் அந்த நாலையும் சேர்த்துக் கவுத்து வைக்கிறார். எட்டுப் பிடியும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா கட்டாகுது. பேச்சு சுவாரசியத்துல ரெண்டு தடவை கலைச்சு, ஒரு வெட்டு. அப்புறம் நாலு நாலா போடுறாங்க! பிடி கலையாம இருந்தா நாலு இஸ்பேட்டும் ஒரே ஆளுக்குப் போயிடும். மாமா சொன்னது அத்தனையும் நிஜம். ஐம்பது வருஷமா அவர் கை பார்த்த சீட்டு வேற, என் புரோகிராம் போடுற சீட்டு வேற. ஒண்ணொண்ணா போடுறோமா நாலு நாலா போடுறோமாங்கிறது என் கோடுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஏன்னா கட்டு முழுசா கலைஞ்சிருக்கு. அரைகுறையா கலைஞ்ச கட்டுலதான் போடுற முறைக்கு வேலை இருக்கு.

52 சீட்டுக் கட்டை இரண்டா பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரசரன்னு விடுறோமே, அது நல்லா கலைய ஏழு தடவை வேணும்னு டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல நிரூபிச்சாங்க. (டயகோனிஸ் சின்ன வயசுல மேஜிக் காட்டிட்டிருந்தவர். சீட்டைத் தொட்டுப் பழகின கை.) அப்படிக் கலைக்கிறதுக்குக் கணக்குல ஒரு மாதிரி இருக்கு. கட்டைக் கிட்டத்தட்ட பாதியா பிரி. எந்தப் பாதியில அதிகம் மிச்சம் இருக்கோ அங்கேருந்து விழ அதிக வாய்ப்பு குடுத்து, ஒவ்வொண்ணா கீழே விடு. லிஸ்ட் ரெண்டு, பாப் ஒண்ணு. பத்து வரி.

அதனால ஆட்டம் முடிஞ்சதும் பிடிகளைத் தூக்கிப் போடாம, பிடிச்ச வரிசையிலயே ஒரு லிஸ்ட்ல சேர்த்தேன். கட்டுலேருந்து கைக்கு, கையிலேருந்து பிடிக்கு, பிடியிலேருந்து திரும்பக் கட்டுக்கு. ஒரு சீட்டு, ஒரே இடம், வட்டம் முழுசாச்சு. ரெண்டே ரெண்டு தடவை கலைப்பு, ஒரு வெட்டு, நாலு நாலா. இந்த முறைக்கு 'பாய்'னு பேர் வெச்சேன்.

நேத்து சனிக்கிழமை அதுலதான் ஆடினோம். முதல் ஆட்டம் முழுக்கலைப்பு. ரெண்டாவதுலேருந்து 'பாய்'. கைகளை அச்சடிக்கிற வரியை நான் எப்பவோ அழிச்சுட்டேன் (இவர் பக்கத்துலதான் உக்காந்து ஆடுறார்), அதனால யாருக்கு என்ன போச்சுன்னு எனக்கும் தெரியாது. ஸ்க்ரீன்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மூணு வரி. மொத்தம் 304. எண்ணிக்கை 32. ரெட்டை இல்லை.

மூணாவது ஆட்டம். முதல் நாலு போச்சு. மாமா பாக்குறார். கண்ணாடியைக் கழட்டலை, துடைக்கலை. ஐபேடைக் கொஞ்சம் மாரோட சாய்ச்சுக்கிட்டார், யாரோ பக்கத்துல பாயில உக்காந்து எட்டிப் பாக்குற மாதிரி.

"இருநூறு."

லண்டன்ல டீ கிளாஸ் மேசையில வைக்கிற சத்தம். "அண்ணை, யோசிச்சுத்தான் கேக்கிறியளோ?"